பொரித்த பிறகுதான் கோழி

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கோழி வாங்க வருகிறவர்கள் எத்தனை முட்டை இடும் என்று முதலில் கேட்பார்கள். அடுத்து, எத்தனை குஞ்சு பொரிக்கும் என்பார்கள். எங்கள் அத்தை இரண்டையும் கேட்கமாட்டார். சந்தையில் கோழியைத் தூக்கி, இறக்கையை விரித்துச் செல் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விற்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: "குஞ்சக் கூட்டிக்கிட்டு நல்லாத் திரியுமாப்பா?" அத்தையோடு சேர்ந்து கோழி வளர்க்கத் தொடங்கி, அவருக்குப் பிறகும் கொல்லையில் கோழி இல்லாமல் நான் இருந்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதே இன்றுவரை என் கட்சி. முட்டைக்குச் சூடு கொடுக்க மெஷின் வந்துவிட்டது. குஞ்சை ஆளாக்கத்தான் கோழி வேண்டியிருக்கிறது.

எங்களிடம் இருப்பது சிறுவிடை. ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ எடைக்கு மேல் போகாத பெட்டைகள். பெருவிடை பார்க்க எடுப்பாக இருக்கும், சேவல் நல்ல விலைக்குப் போகும், ஆனால் கொல்லையில் குஞ்சு பெருக்க எனக்குச் சிறுவிடைதான் தோது. ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இடும், பிறகு அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, உட்கார்ந்துவிடும். வருசத்துக்கு மூன்று ஈடு, மிஞ்சினால் நான்கு. மொத்தம் 60 முட்டை கிடைத்தாலே நல்ல கோழி. நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழிகள் வருசத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன. அவை அடைக்கு உட்காருவதே இல்லை. உட்காருகிற கோழியைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கொண்டே வந்து உண்டாக்கிய இனம் அது. முட்டை வியாபாரத்தில் அவயம் நட்டம். எங்கள் கொல்லையில் அதுதான் முதல்.

ஈடு முடியும் தறுவாயில் கோழியின் போக்கே மாறும். முட்டை இட்டதும் கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடி வருகிற கோழி கூட்டைவிட்டு இறங்காது. கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு குர்ரென்று குமுறும், கொத்தும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் சுடும். முட்டை மேல் அந்த வெறுந்தோல்தான் படிய வேண்டும். கொண்டையின் சிவப்பு வெளுக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் கூடுவதால் வருகிற மாற்றம் இது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், முதல் நாளே முட்டையை வைத்துவிடக் கூடாது. ஒரு கூமுட்டையையோ பீங்கான் முட்டையையோ அடியில் வைத்து இரண்டு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். பாதி மனசோடு உட்காருகிற கோழி அதற்குள் எழுந்து போய்விடும். போனால் போகட்டும், முட்டையாவது மிஞ்சும்.

கூடு என்பது பெரிய விசயமில்லை. பழைய ஓலைக் கடகமோ வாயகன்ற மண்சட்டியோ போதும். அடியில் ஆற்று மணல், அதன் மேல் வைக்கோல், இடையில் சலித்த சாம்பலும் காய்ந்த வேப்பிலையும். மாடிப்படிக்கு அடியிலோ, தானிய மூட்டை அடுக்கிய அறையின் மூலையிலோ, மற்ற கோழிகள் வந்து ஏறி முட்டையிடாத இருட்டான இடமாக இருக்க வேண்டும். இடம் மாற்றுவதென்றால் ராத்திரியில்தான். பகலில் தூக்கி வைத்தால் பழைய இடத்துக்கே திரும்பி ஓடும். கூட்டுக்குள் ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய் போடுவது ஊர் வழக்கம். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும், இரும்பு காக்கும் என்பார்கள். இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அத்தை போட்டார், நானும் போடுகிறேன். கரித்துண்டுக்கு மட்டும் நிஜமான ஒரு வேலை உண்டு. வைக்கிற முட்டைகளில் அதைக்கொண்டு ஒரு கோடு இழுத்துவிட்டால், பிறகு வேறு கோழி வந்து இட்டுப் போன புது முட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் எல்லாக் குஞ்சும் வெளியே வந்த பிறகு பாதி வளர்ந்த ஒரு முட்டை மட்டும் கிடந்து சாகும்.

பொரிப்பு குறைந்தால் எல்லோரும் கோழியைத் திட்டுவார்கள். தப்பு பெரும்பாலும் முட்டையில் இருக்கும், அதாவது முட்டையைச் சேர்த்து வைத்தவரிடம். ஒரு வாரத்துக்கு மேல் பழசான முட்டையை வைக்கக் கூடாது. கழுவக் கூடாது, ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும். கூர்முனை கீழே இருக்கும்படி, ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் சேர்த்து வைப்பது எங்கள் வீட்டு முறை. வெயில் காலத்தில் அது கட்டாயம். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள் சும்மா கிடக்கிற முட்டையிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கும், ராத்திரிக் குளிர்ச்சியில் நிற்கும், மறுநாள் மறுபடி தொடங்கும். அப்படி அலைக்கழிந்த கரு கோழிக்கு அடியில் போனாலும் தேறாது. பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவலாவது வேண்டும். சேவலை விற்றுவிட்டாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை பெட்டை கருமுட்டை இடும். இது தெரியாமல், சேவல் போன மறுநாளே முட்டையை எல்லாம் ஆம்லெட்டுக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு.

எண்ணிக்கையை ஒற்றைப்படையாக வைக்கச் சொல்வார்கள். ஒன்பதோ பதினொன்றோ, ஒற்றையா இரட்டையா என்பது எனக்குப் பொருட்டில்லை. கோழி உட்கார்ந்த பிறகு பின்னால் நின்று பார்த்தால் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஆசைப்பட்டு இரண்டு கூட வைத்தால், கெடுவது அந்த இரண்டோடு நிற்காது. கோழி ஒரு நாளில் பல தடவை அலகால் முட்டைகளைப் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளும். இன்றைக்கு ஒன்று குளிரும், நாளைக்கு இன்னொன்று. கடைசியில் பாதி ஈடு போய்விடும்.

அதன் பிறகு 21 நாள். இந்த நாட்களில் நமக்கு வேலை குறைவு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதே பாதி வேலை. நாளுக்கு ஒரு தடவை கோழி இறங்கும். கால் மணியோ அரை மணியோ இருக்கும். அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, குப்பைமேட்டில் புழுதி குளித்து, மூக்கைப் பிடிக்கிற நாற்றத்தோடு ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு ஏறிக்கொள்ளும். இறங்காமலே கிடக்கிற வீம்புக் கோழிகளை நாம்தான் தூக்கி இறக்க வேண்டும். தூக்கும்முன் இறக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது, அங்கே ஒரு முட்டை இடுக்கிக்கொண்டு வரும். தீனிக்கு முழுக் கம்பு, சோளம். தவிடு பிசைந்து வைத்தால் கழிச்சல் எடுத்துக் கூட்டை அசிங்கப்படுத்தும். கூட்டைவிட்டுக் கோழி ஓடுவதற்குப் பசி காரணமாக இருப்பதைவிடச் செல்தான் காரணமாக இருக்கும். ராத்திரியில் ஆயிரக்கணக்கில் ஏறிக் கடிக்கும். முட்டை வைக்குமுன்பே கோழியின் இறகுக்குள் சாம்பலும் வேப்பிலைப் பொடியும் தேய்த்துவிட்டால் தப்பிக்கலாம், பாதியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் முடியாது.

ஏழாம் நாள் ராத்திரி முட்டை பார்ப்பேன். முன்பெல்லாம் உள்ளங்கையைக் குவித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள், இப்போது செல்போன் டார்ச்சே தாராளம். கருக்கூடிய முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தி கால் விரித்த மாதிரி ரத்தநாளங்களும் தெரியும். ஒன்றும் இல்லாமல் மஞ்சளாகத் தெளிந்து கிடந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். நாளங்கள் இல்லாமல் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் கரு பாதியில் செத்திருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டும், வெயிலில் வெடித்தால் மற்றதையும் கெடுக்கும். கடைசி நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கிற பழக்கமும் ஊரில் இருக்கிறது. ஆடினால் உயிர் இருக்கிறது என்பது சரிதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் குஞ்சு தண்ணீர் குடித்துச் சாகும். தெரிந்து என்ன ஆகப்போகிறது? இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் தானே தெரியும்.

பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு முட்டையின் அகன்ற பக்கம் இருக்கும் காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விடும். அப்போதே உள்ளிருந்து கீச்சுச் சத்தம் வரும். கோழியும் தொண்டைக்குள்ளே பதில் சொல்லும், அதுவரை அந்தக் குரலை நாம் கேட்டிருக்கமாட்டோம். மேல் அலகின் நுனியில் இருக்கும் சிறு வெள்ளை முள்ளால் ஓட்டில் ஒரு பொத்தல் போட்டுவிட்டு, குஞ்சு மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். பார்க்கிறவர்களுக்குத்தான் பொறுக்காது. ஓட்டை உரித்துவிடக் கை பரபரக்கும். அந்த நேரத்தில்தான் ஓட்டோடு ஒட்டிய நாளங்களில் இருக்கிற ரத்தம் உள்ளே வற்றுகிறது, மிச்ச மஞ்சள்கரு குஞ்சின் வயிற்றுக்குள் போகிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் வடிந்து சாகும். அந்த மஞ்சள்கரு உள்ளே இருப்பதால்தான் பொரித்த குஞ்சு இரண்டு நாளுக்குத் தீனியில்லாமல் தாங்குகிறது. முதலில் வந்தது கடைசியில் வருவதற்காகக் காத்திருக்க முடிவதும் அதனால்தான்.

இதுவரை சொன்ன அத்தனையையும் ஒரு மெஷின் செய்துவிடும். 37.5 டிகிரி சூடு, தேவையான ஈரம், தானாகப் புரட்டும் தட்டு. கரண்ட் போகாத ஊராக இருந்தால் கோழியைவிட அதிகமாகவே பொரிக்கும். என்னிடமும் ஐம்பது முட்டைப் பெட்டி ஒன்று இருக்கிறது. பொரித்த மறுநாளில்தான் சங்கடம். பல்புக்கு அடியில் வளர்கிற குஞ்சுக்கு எது தீனி, எது கல் என்று தெரியாது. நிழல் மேலே போனால் ஓடத் தெரியாது. ஒரு மாதம் கழித்துக் கொல்லையில் விட்டால் காக்கைக்கும் வைரிக்கும் அது இலவசச் சாப்பாடு. அதனால் நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். கோழியை அவயத்துக்கு உட்காரவைக்கிற அதே நாளில் பெட்டியிலும் முட்டை வைப்பேன். இருபத்தொன்றாம் நாள் ராத்திரி, மெஷின் குஞ்சுகளில் கொஞ்சத்தை எடுத்து, சத்தமில்லாமல் கோழியின் வயிற்றுக்கு அடியில் தள்ளிவிடுவேன். விடிந்ததும் எல்லாம் தன் குஞ்சு என்றே கோழி நினைத்துக்கொள்ளும். குஞ்சுக்கு வயது இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் இது நடக்காது. கோழி ஏற்றுக்கொண்டாலும் குஞ்சு அதன் குரலுக்கு ஓடாது. நிறத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் கறுப்பாக இருக்கிற கூட்டத்தில் தனியாக ஒரு வெள்ளைக் குஞ்சைப் போட்டால் சில கோழிகள் அதை மட்டும் கொத்தும். முதல் ராத்திரியிலேயே கலப்பாகப் போட்டுவிட்டால் வம்பில்லை.

கண்மாய் ஓரத்து வீடுகளில் கோழிக்கு அடியில் வாத்து முட்டை வைப்பார்கள். வாத்து முட்டைக்கு 28 நாள். கோழி கணக்குப் பார்ப்பதில்லை, கூட ஒரு வாரம் உட்கார்ந்துவிடும். பிறகு குஞ்சுகள் தண்ணீரைப் பார்த்து இறங்கிவிட, கோழி கரையோடு கத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. எனக்கு அது பிடிக்காது, அதனால் வைத்ததும் இல்லை.

மூன்றாம் நாள் குஞ்சுகளைத் தரையில் இறக்குவோம். முதல் பத்து நாள் பஞ்சாரக் கூடைதான். தாயை உள்ளே போட்டு, ஒரு பக்கம் கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் குஞ்சுகள் உள்ளும் புறமுமாகப் போய்வரும், தாய் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகாது. தண்ணீரைச் சிரட்டையில் வைத்து, அதற்குள் நாலு கூழாங்கல்லைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றாவது விழுந்து விறைக்கும். கேழ்வரகு, கம்பு நொய் போதும். கூடவே கரையான் பிடித்துப் போட்டால் குஞ்சு ஊறி வளரும். சாயங்காலம் ஒரு பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும். பானையைத் தட்டிய சத்தத்துக்கே தாய் துள்ளும்.

அப்போது பார்க்க வேண்டும் கோழியை. ஒரு கரையானைக் கொத்தும், தின்னாது. கீழே போடும், மறுபடி எடுக்கும், "கொக் கொக் கொக்" என்று அடுக்கிக்கொண்டே குஞ்சின் அலகு நேரே போடும். தன் பசியை அந்த நாட்களில் அது இரண்டாவதாகத்தான் வைக்கிறது. காலால் குப்பையைக் கிளறி ஓரடி பின்னால் தள்ளி நிற்கும், குஞ்சுகள் பாய்ந்து பொறுக்கும். எச்சரிக்கைக்கு அதனிடம் இரண்டு விதமான குரல் இருக்கிறது. மேலே வைரியோ பருந்தோ தெரிந்தால் மெல்லிசாக, நீட்டி, ஒரே ஒரு குரல். குஞ்சுகள் அப்படியே புதருக்குள் போய் அசையாமல் கிடக்கும். கீரியோ பூனையோ பாம்போ தரையில் வந்தால் படபடவென்று விட்டுவிட்டுக் கத்தும், அப்போது குஞ்சுகள் அதன் பின்னால் ஓடும். வீட்டுக்குள் இருந்தபடியே எந்தக் குரல் என்று கேட்டு, கல்லை எடுப்பதா கம்பை எடுப்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

எல்லாக் கோழியும் இப்படி இருப்பதில்லை, அத்தையின் கேள்வி அதனால்தான் வந்தது. பன்னிரண்டும் பொரித்துவிட்டு, ஒரே வாரத்தில் ஐந்தை விட்டுவிட்டு வருகிற கோழிகள் இருக்கின்றன. நீண்ட கால் போட்டு வேகமாக நடக்கும், குஞ்சு பின்தங்குவதைக் கவனிக்காது. மழை வந்தால் முருங்கை மரத்தடியில் நின்று தான் மட்டும் உதறிக்கொள்ளும். நல்ல தாய் முதல் துளியிலேயே இறக்கையை விரித்து உட்கார்ந்துவிடும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று பழமொழி சொல்கிறது. சிறுவிடைக்கு அது சரி. பெருவிடைக் கோழி பொரிக்கிற அன்று கூட்டுக்குள் பதறி எழுந்தால் நிச்சயம் சாகும்.

ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு இறங்கும்படி முட்டை வைக்காமலிருப்பது உத்தமம். ஈரத் தரையில் ரத்தக்கழிச்சல், கொசுவால் அம்மை. தை மாதம் வைத்தால் மாசியில் இறங்கி, கோடைக்குள் தேறிவிடும். எந்தக் காலமானாலும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போடாத குஞ்சு கடன் வாங்கிய உயிர்தான். உத்தராகண்டில் இருக்கும் ராணிக்கேத் என்கிற ஊரின் பெயரைத்தான் மருத்துவர்கள் அந்த நோய்க்குச் சொல்கிறார்கள். வந்தால் தெருவையே காலிபண்ணும். ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, எட்டாம் வாரத்தில் ஊசி. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்குக் குறைந்து வருவதில்லை, ஐஸில் வைத்துக் கொண்டுவந்து கலக்கிய உடனே போட்டுமுடிக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கிறவர் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் எங்கள் தெருவில் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்து ஒரே வாரத்தில் அவயம் வைக்கிறோம். சொட்டு மருந்து அன்று எல்லாக் குஞ்சும் எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். "மதினி, எங்குஞ்சுக்குக் கால்ல நூல் கட்டியிருக்கேன், மாத்திறாதீங்க" என்று ஒவ்வொருவரும் நாலு தடவை சொல்வார்கள்.

இரண்டு, இரண்டரை மாதத்தில் தாயின் கொண்டை மறுபடி சிவக்கும். ஒரு நாள் காலையில் கூட வந்த குஞ்சைத் தலையில் கொத்தி விரட்டும். அதற்கு முன்பே, பொரித்த கையோடு குஞ்சுகளைப் பிரித்து வைத்துவிட்டால் கோழி சீக்கிரம் முட்டைக்கு வந்துவிடும், வருசத்துக்கு ஐந்து, ஆறு ஈடு எடுக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு தப்பில்லை. குஞ்சுக்குக் கரண்டும் தீவனமும் வாங்கி, வலைக்குள் வைத்து வளர்க்கிறவர்களுக்கு அது சரியாக வரும். கொல்லையில் மேயவிடுகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் லாபமே. அவயம் வேண்டாம் என்றாலும், கோழியின் மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் தேவையற்ற கொடுமை. அடியில் காற்று புகும் கம்பிக்கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் போட்டால் வயிற்றுச் சூடு தணிந்து தானே மறந்துவிடும்.

நல்ல தாயின் வெடைகளை, இளம் பெட்டைகளை, நான் விற்பதில்லை. விலை கூடக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த ஈட்டுச் சேவல்களைப் பிடித்துக் கொடுத்துவிடுவேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று பந்தல்குடியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகும், அவள் வீட்டு நல்ல தாய்க்கோழியின் சேவல் ஒன்று இங்கே வரும். தாய்க்குணம் பெட்டை வழியாக மட்டும் இறங்குவதில்லை, சேவலும் அதைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஒரே கொல்லைக்குள் அண்ணனும் தங்கையுமாகச் சேரவிட்டால் மூன்றாம் தலைமுறையிலேயே பொரிப்பு குறையும். இந்த மாசியில் வந்திருக்கும் சேவல் செம்பூத்து நிறம், வெள்ளைக் கால். அதன் குஞ்சுகள் எப்படி என்பது, அவற்றில் ஒரு வெடை வளர்ந்து, முட்டையிட்டு, தன் குஞ்சைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்புகிற அன்றுதான் தெரியும்.